தளிக்கு ஒன்று, அரூருக்கு ஒன்று: பஃப் பேனல் வீடு யாருக்குச் சரிப்படும்?

ரோஜாப் பண்ணைக் குளிர் அறைக்கும் சிப்காட் பக்கத்து லேபர் ஷெட்டுக்கும் போட்டுவந்த பஃப் பேனலை (இரண்டு தகரத்துக்கு நடுவே நுரை நிரப்பிய பலகை) இப்போது குடியிருக்கும் வீட்டுக்கே கேட்கிறார்கள். "இருபது நாளில் சாவி கையில், சித்திரையில் சூடு இல்லை, மார்கழியில் குளிர் இல்லை, செங்கல் வீட்டில் பாதிச் செலவு" என்பது விற்பவர் பேச்சு. இதில் முதல் பங்கு ஏறக்குறைய உண்மை. கடைசிப் பங்கு கணக்குப் போட்டால் நிற்காது. நடுவில் உள்ள சூடு, குளிர் சமாசாரம்தான் சிக்கலானது. வீடு எந்த ஊரில் நிற்கிறது, பேனல் சுவருக்கா கூரைக்கா என்பதைப் பொறுத்து அது தலைகீழாக மாறும்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பக்கத்துப் பக்கத்து மாவட்டம் என்றாலும் தட்பவெப்பம் ஒன்றல்ல. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி டவுன் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் அல்லது அதற்கும் கீழே. சூளகிரி தாண்டி மேலே ஏறினால் ஓசூர் 900 மீட்டர் பக்கம், தளி இன்னும் மேலே. கீழ்ப் பகுதியில் வீட்டுக்குப் பகை மார்ச் முதல் ஜூன் வரையிலான வெயில். மேட்டுப் பகுதியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்; ஆனால் அதே நாள் மதியம் 25-ஐத் தாண்டிவிடும். ஆக தளியில் ஹீட்டர் வாங்க வேண்டியதில்லை. மதியச் சூட்டைப் பிடித்து விடியும்வரை வைத்திருக்கத் தெரிந்த வீடு போதும்.

கணக்குக்கு ஒரே வீட்டை வைத்துக்கொள்வோம். வெளி அளவு 20-க்கு 30 அடி, தரைத்தளம் மட்டும், சுவர் உயரம் 10 அடி. 4-க்கு 4 அடியில் ஐந்து ஜன்னல், இரண்டு கதவு. அதெல்லாம் கழித்தால் வெளிச்சுவர் 81 சதுர மீட்டர், கூரை 56 சதுர மீட்டர், கண்ணாடி 7.4 சதுர மீட்டர். நம் முன்னால் உள்ள வழிகள் நான்கு: இரும்புச் சட்டத்தில் முழுப் பேனல் வீடு. கான்கிரீட் தூண் போட்டு ஏ.ஏ.சி. கல் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான சிமெண்ட் கல்) சுவர், கான்கிரீட் தளம். செங்கல் அல்லது ஃபிளை ஆஷ் கல்லில் சுமைதாங்கும் சுவர், கான்கிரீட் தளம். அதே கல் சுவருக்கு மேல் பேனல் கூரை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழ்ப் பகுதிக்கு நான்காவது வழி. மேட்டுக்கு, தரையைக் கனமாகப் போடுவதாக இருந்தால் முதல் வழியும் சரி, இரண்டாவதும் சரி. மூன்றாவது வழியை, அதாவது இன்று எல்லோரும் கட்டுவதை, தளத்துக்கு மேல் தடுப்பு எதுவும் போடாமல் அப்படியே கட்டுவதை எந்த ஊருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

தடுப்பது வேறு, தாங்கி வைப்பது வேறு

சுவரோ கூரையோ வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதற்கு யூ மதிப்பு என்று ஒரு கணக்கு உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது 1 சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் போகிறது என்பதே அது. எண் குறையக் குறைய நல்லது. 9 அங்குலச் செங்கல் சுவர், இருபுறப் பூச்சோடு 2 பக்கம். 8 அங்குல ஏ.ஏ.சி. சுவர் 0.75 பக்கம். 50 மி.மீ. பஃப் பேனல் 0.43. வெறும் கான்கிரீட் தளம் 3.5-க்கு மேல்.

இதை மட்டும் பார்த்தால் பேனல்தான் ஜெயிக்கும். விற்பவர் காட்டும் அட்டவணையும் இதோடு நின்றுவிடும். அதில் இல்லாதது எடை. 50 மி.மீ. பேனலில் அரை மி.மீ. தகரம் இரண்டும் நடுவில் நுரையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 10 கிலோதான். செங்கல் சுவர் 400 கிலோவுக்கு மேல். நம் வீட்டின் பேனல் சுவர் முழுவதும் 1 டிகிரி சூடேற 0.14 யூனிட் வெப்பம் போதும். செங்கல் சுவருக்கு 8 யூனிட் வேண்டும். ஒரு கேஸ் பர்னர் எரிந்தால் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வெப்பம் வீட்டுக்குள் இறங்குகிறது. நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடம்பிலிருந்தே 300 வாட். செங்கல் சுவர் இதை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்கும். பேனல் சுவருக்கு வைத்துக்கொள்ள இடமில்லாததால் அத்தனையும் காற்றில் ஏறும்.

அரூரில் முழுப் பேனல் வீட்டுக்காரர்கள் "காலையில் நன்றாக இருக்கிறது, சமைத்து முடித்ததும் உட்கார முடியவில்லை" என்று சொல்வது இதனால்தான். ஏ.சி. போட்டால் பிரமாதமாக வேலை செய்யும். குளிர் அறைக்காக உருவான பொருள் ஆயிற்றே. ஏ.சி. இல்லாமல் வாழப் போகிற வீட்டுக்கு, வெளியே தடுப்பும் உள்ளே எடையும் சேர்ந்து வேண்டும்.

முதல் காசு கூரைக்கு

வெயில் கூரையில்தான் விழுகிறது. நம் அட்சரேகை 12 முதல் 12.75 வரை, ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அந்த நேரம் கறுத்துப்போன தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அறைக்கும் அதற்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், தடுப்பில்லாத கான்கிரீட் தளம் வழியாக 56 × 3.5 × 30, ஏறக்குறைய 6,000 வாட் இறங்கும். ஆறு அயர்ன் பாக்ஸைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தொங்கவிட்ட கணக்கு. 50 மி.மீ. பேனல் கூரையில் அதே கணக்கு 720 வாட். ஒரு அயர்ன் பாக்ஸ்கூட இல்லை.

செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு பதித்தால் சூடு நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அது தண்ணீரை நிறுத்தும், சூட்டைக் கொஞ்சம்தான். யூ மதிப்பு 2.5-க்கு மேலேயே நிற்கும். எரிசக்தித் திறன் பணியகத்தின் 2018-ஆம் ஆண்டு குடியிருப்பு விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா கூரைக்கு வைத்த வரம்பு 1.2. அதைத் தொட, தளத்தின் மேல் 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை போதும், 0.9 பக்கம் வந்துவிடும். 50 மி.மீ. போட்டால் 0.5.

கான்கிரீட் தளம்தான் வேண்டும் என்பவர்கள் இந்த வரிசையை மாற்றக் கூடாது: தளத்திலேயே சரிவு, அதன்மேல் தண்ணீர் தடுப்புப் பூச்சு, பிறகு நுரைப் பலகை, இணைப்புகளில் டேப், அதன்மேல் பாலித்தீன் விரிப்பு, கோழிவலை வைத்து 2 அங்குல கான்கிரீட், கடைசியில் வெள்ளை டைல். செலவைக் குறைக்க 1 அங்குல சிமெண்ட் கலவையோடு நிறுத்தினால் அடுத்த கோடைக்குள் பாளம் பாளமாக வெடிக்கும். அடியில் மெத்தை மாதிரி நுரை இருக்கிறது, மேலே நடப்பவர் எடையை மெல்லிய பூச்சு தாங்காது. பஃப் ஸ்ப்ரே அடித்துவிட்டு மேலே எதுவும் மூடாமல் விட்டால் வெயிலில் மஞ்சளாகி மாவாக உதிரும். தளத்துக்குக் கீழே தெர்மாகோல் சீலிங் போடுவதும் செய்கிறார்கள். அது கான்கிரீட்டின் எடையை அறையிலிருந்து பிரித்துவிடுகிறது. சூடான தளம் சீலிங்குக்கு மேலே இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும். தடுப்பு எப்போதும் வெளிப்பக்கம்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுபவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை போட்டாக வேண்டும். மேல் பலகையும் வெள்ளை டைலுமே அவர்களுக்கு வழி. அதுவும் முடியாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பாவது அடிக்கலாம்.

பேனல் கூரைக்கு நம் வீட்டில் 1 மீட்டர் அகலம், 6.7 மீட்டர் நீளத்தில் 10 பேனல் வேண்டும். நீளவாக்கில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வாங்குங்கள்; கூரை ஒழுகுவது பெரும்பாலும் நீள ஒட்டில்தான். ஒரு பேனல் 70, 75 கிலோ வரும், நாலு பேர் தூக்கலாம். 22 அடி லாரி உங்கள் தெருவில் திரும்புமா என்று ஆர்டருக்கு முன்னால் பாருங்கள். சரிவு 10 அடிக்கு 1 அடி. தாங்கும் இரும்பு 1.2 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்று.

பேனல் கூரையில் பலரும் மறப்பது காற்று. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் அடிக்கும் சூறை சதுர மீட்டருக்கு 65 கிலோ விசை வரை தரும். கூரையின் எடை 10 கிலோ. மிச்சத்தைப் பிடித்து நிறுத்துவது திருகும் நங்கூரமும்தான். ஒவ்வொரு பேனலுக்கும் ஒவ்வொரு தாங்கு இரும்பிலும் 3 திருகு என்றால் 180 ஆகிறது. ஓர வரிசைகளில் இரட்டிப்பாக்க வேண்டும், காற்று முதலில் ஓரத்தைத்தான் தூக்கும். கல் சுவரின் மேல் பேனல் கூரை போடுகிறவர்கள், சுவர் உச்சியில் 6 அங்குலக் கான்கிரீட் பெல்ட் ஓட்டி, அதில் ஜே-போல்ட் புதைத்து, அதோடுதான் இரும்பைப் பூட்ட வேண்டும். செங்கல்லில் துளைபோட்டு ஆங்கர் அடித்த கூரை சித்திரைக் காற்றுக்குத் தாங்காது.

மழைச் சத்தம் தகர சீட் அளவுக்கு இருக்காது, ஆனால் இருக்கும். ஓசூர்ப் பக்கம் விழும் ஆலங்கட்டி தகரத்தில் பள்ளம் போடும். ஒழுகாது, அழகு கெடும்.

சுவர்: எதில் எவ்வளவு பிடிக்கும்

செங்கல்லில் 9 அங்குலச் சுவர் கட்டினால் ஏறக்குறைய 9,000 கல். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் நாலில் ஒரு பங்கு கல் மிஞ்சும், கலவையும் மிஞ்சும், சூடும் குறையும். ஆனால் அதற்கு அளவு பிசகாத கல் வேண்டும். கோணல்மாணலான நாட்டுச் சூளைக் கல்லில் முயன்றால் வெற்றிடத்துக்குள் கலவை கொட்டி, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். மேட்டூர் அனல் மின்நிலையச் சாம்பல் பக்கத்திலேயே கிடைப்பதால் ஃபிளை ஆஷ் கல் இந்தப் பகுதியில் தாராளம். அளவு ஒழுங்காக இருப்பதால் எலிப்பொறிக் கட்டுக்கு அதுவே தோது. இந்தக் கட்டு தெரிந்த மேஸ்திரி கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு மூலையை 3 அடிக்குக் கட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஏ.ஏ.சி. கல் 600-க்கு 200-க்கு 200 மி.மீ. அளவில் உடைசலோடு சேர்த்து 690 போதும். சுமைதாங்கும் சுவராகக் கட்டும் பழக்கம் இங்கே கொத்தனார்களிடம் இல்லை, அதனால் தூண், பீம் செலவு கூடவே வரும். 'கல் மலிவு' என்று தொடங்கி மொத்தத்தில் கையைக் கடிப்பது இங்கேதான். வெடிப்பு வருகிறது என்ற புகாருக்குக் கல்லைவிட வேலைதான் காரணம். செங்கல்லைப் போலத் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். ஊறிய கல் காயும்போது சுருங்கி இணைப்பைப் பிளக்கும். மேற்பரப்பை ஈரத் துணியால் துடைப்பதுபோல் நனைத்தால் போதும். கலவை அரை அங்குலம் வைக்காமல் பசைக் கலவை 3 மி.மீ. தூணும் கல்லும் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் கோழிவலை. பூச்சில் சிமெண்டை அதிகம் போட்டால் பலம் என்று நினைத்து 1:4 போடுவார்கள். 1:6-க்கு மேல் வேண்டாம், மென்மையான கல்லின்மேல் கடினமான பூச்சு நிற்காது.

முழுப் பேனல் வீட்டுக்குச் சுற்றளவு 100 அடி, ஆகவே 3 மீட்டர் உயரத்தில் 31 சுவர்ப் பேனல், 93 சதுர மீட்டர். ஜன்னலுக்கு வெட்டி எடுக்கும் துண்டுக்கும் காசு கொடுத்தாயிற்று என்பதை மறக்க வேண்டாம். அதோடு 12 தூண், மேல் பீம், தாங்கு இரும்பு எல்லாம் சேர்த்து ஒன்றே கால் முதல் ஒன்றரை டன் இரும்பு. விலைப்பட்டியலில் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று பேனலை மட்டும் காட்டி, இரும்பு, கடைக்கால், பேஸ்மட்டம், தரை, வயரிங், கழிவறை எல்லாவற்றையும் தனியாக எழுதுவதுதான் 'பாதிச் செலவு' வந்த விதம். பேனல் வீட்டில் உண்மையாக மிஞ்சுவது நாளும் தண்ணீரும். சுவருக்கு க்யூரிங் கிடையாது. டேங்கர் தண்ணீர் வாங்கி வீடு கட்டும் தருமபுரிக் கிராமங்களில் அது சின்ன லாபமல்ல.

மேட்டுப் பகுதியில் வெயிலைப் பிடிப்பது

தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் கட்டுகிறவர்கள் இணையத்தில் கிடைக்கும் குளிர்நாட்டு வரைபடத்தைக் காட்டி, தெற்கே சுவரளவு கண்ணாடியும் தரைக்கு அடியில் நுரைப் பலகையும் கேட்கிறார்கள். இரண்டும் இங்கே தப்பு.

தரையை எடுத்துக்கொள்வோம். சில அடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும்; ஓசூர்ப் பக்கம் அது 23, 24 டிகிரி. உறைந்த மண் உள்ள ஊரில் தரைக்கு நுரை வேண்டும். இங்கே மண்ணே கதகதப்பு, அதைத் தடுப்பானேன்? தரையை நேராக மண்ணின்மேல், 4 அங்குலக் கான்கிரீட்டும் 20 மி.மீ. கிரானைட்டுமாகப் போடுங்கள். கிரானைட் வெட்டும் பட்டறைகளில் அளவு குறைந்த துண்டுகள் மலிவாகக் கிடைக்கும் மாவட்டம் இது. ஒரே நிறம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால் டைல்ஸைவிட லாபம். இந்தத் தரை சதுர மீட்டருக்கு 290 கிலோ. வீடு முழுதும் சேர்த்தால் 1 டிகிரி இறங்க 4 யூனிட் வெப்பத்தை விட வேண்டும். பேனல் சுவரில் இல்லாத எடை இங்கே கிடைத்துவிடுகிறது. பேனல் வீட்டைத் தூணில் தூக்கி நிறுத்தி, தரைக்கும் சிமெண்ட் போர்டு போடும் ரிசார்ட் பாணி தளியில் நடுராத்திரிக்கே குளிர்ந்துவிடும்.

இனி ஜன்னல். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கு வானில் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் தெற்குச் சுவருக்கு அது 46 டிகிரிச் சாய்வில் படும். மார்ச் 21-ல் 77 டிகிரிக்கு ஏறிவிடும். இந்த வித்தியாசத்தை வைத்து சன்ஷேடின் நீட்டத்தைக் கணக்கிடலாம். வழக்கமான 2 அடி சன்ஷேடு டிசம்பர் நண்பகலில் 2¾ அடி நிழல் போடும். 4 அடி ஜன்னலில் வெயில் நுழைய ஒன்றேகால் அடிதான் மிச்சம். அதையே 1 அடியாகக் குறைத்தால் டிசம்பரில் நிழல் 1.4 அடி, கீழே 2.6 அடி வழியாக வெயில் தரைக்கு வரும். மார்ச் 21 முதல் அதே 1 அடி சன்ஷேடு 4½ அடிக்கு நிழல் தந்து ஜன்னலை முழுக்க மூடிவிடும். மழைக்கு 2 அடி வேண்டுமே என்பார்கள். சாரல் அடிக்கும் திசையில் போட்டுக்கொள்ளலாம். தெற்கு ஜன்னலுக்கு 1 அடி, அதன் அடியில் நல்ல சொட்டு வரி (மழைநீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிடச் செய்யும் பள்ளக்கோடு). வடக்கு ஜன்னலுக்கும் அதே போதும். மேற்கில் ஜன்னலே வேண்டாம் என்பது எங்கள் பிடிவாதம். கழிவறை, சாமான் அறை அங்கே போகட்டும்.

இப்படி இரண்டு தெற்கு ஜன்னல் இருந்தால் மேகமில்லாத ஜனவரி நாளில் 5, 6 யூனிட் வெப்பம் தரையில் இறங்கும். வெயில் விழும் இடத்தில் கம்பளமோ கட்டிலோ போடக் கூடாது.

இரவில் என்ன போகிறது என்பதையும் பார்ப்போம். வெளியே 15, உள்ளே 22. செங்கல் சுவரும் வெறும் கான்கிரீட் தளமும் சேர்ந்து 2,500 வாட் விடும். முழுப் பேனல் வீட்டில் சுவர் 244, கூரை 169. ஆனால் அதே வீட்டின் ஐந்து ஜன்னல் கண்ணாடி மட்டும் 295. 81 சதுர மீட்டர் சுவர் விடுவதைவிட ஏழரை சதுர மீட்டர் கண்ணாடி அதிகம் விடுகிறது! 75 மி.மீ. பேனலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட, அந்தக் காசில் ஜன்னலுக்கு உள்பக்கம் பழைய பாணி மரக் கதவு போடலாம். சாயங்காலம் ஐந்தரைக்குச் சாத்தி, காலை எட்டுக்குத் திறந்தால் போதும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் உதவும், ஆனால் மரக் கதவு மலிவு, பக்கத்துத் தச்சரே செய்துவிடுவார்.

மேட்டில் ஏ.ஏ.சி.யா பேனலா என்று கேட்டால், கேள்வி வெப்பம் பற்றியதாகவே இருக்காது. இரண்டுமே போதுமான அளவு தடுக்கும். ஜவளகிரி, அஞ்செட்டி ஓரத்தில் கேழ்வரகு அறுப்புக் காலத்தில் யானை வரும். தானிய மூட்டை வாசனைக்குச் செங்கல் சுவரையே தள்ளும் விலங்கு, அரை மி.மீ. தகரத்தைக் கணக்கிலேயே எடுக்காது. அந்தப் பக்கம் கட்டுகிறவர்கள் தானியம் வைக்கும் அறையையாவது கல்லில் கட்டட்டும்.

பேனல் வீடு எங்கே கெடுகிறது

கெடுவது பேனலின் நடுவில் அல்ல, அடியில். நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். பேனலைத் தரை மட்டத்தில் யூ-சேனலில் நிறுத்தினால் அந்தத் தண்ணீர் சேனலுக்குள் தேங்கி, வெட்டிய விளிம்பிலிருந்து துரு ஏறும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் கீழ் அரை அடி பொரிந்துவிடும். அதனால் தரைக்கு மேல் 6 அங்குலம் கான்கிரீட் கட்டை ஓட்டி, அதன்மேல்தான் சேனல். வெளியே பேஸ்மட்டம் குறைந்தது ஒன்றரை அடி, மழைத்துளி தெறிக்கும் உயரத்துக்கு மேலே. சேனலுக்கு அடியில் பியூட்டைல் டேப், வெளிப்பக்கம் தண்ணீர் வழிய ஃப்ளாஷிங் என்னும் தகர மடிப்பு. சிலிக்கான் மட்டும் தடவிவிட்டுப் போவார்கள்; வெயிலில் தகரம் நீண்டு சுருங்கும்போது அது உரிந்துவிடும்.

அடுத்தது எலி. நுரை வெளியே தெரியும் ஒவ்வொரு ஓரமும் அதற்கு வாசல்தான். கூரை முனை, ஜன்னல் வெட்டு, வயர் நுழையும் துளை எல்லாவற்றிலும் தகர மூடி வேண்டும்.

பஃப் நுரை எரியும். எரிந்தால் புகை நச்சு. விறகடுப்பு வைக்கும் வீட்டில் சமையலறைச் சுவர்களைக் கல்லில் கட்டியே ஆக வேண்டும், வெந்நீர் அடுப்பு வெளியே. கேஸ் மட்டும் என்றாலும் அடுப்புக்குப் பின்சுவர் கல்லாக இருக்கட்டும். தீ பற்றிய கவலை அதிகம் உள்ளவர்கள் ராக்வூல் பேனல் கேட்கலாம்; எரியாது, ஆனால் அதே தடுப்புக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் தடிமன் வேண்டும், எடையும் கூடும். குளியலறை 7 அடி உயரம்வரை கல். இப்படிச் சமையலறை, குளியலறைச் சுவரோடு நடுச்சுவர் ஒன்றையும் கல்லில் கட்டிவிட்டால், முழுப் பேனல் வீட்டுக்கு வேண்டிய எடையில் ஒரு பகுதி தானாகவே வந்துவிடும்.

சுவர் தகரம் என்பதால் வயரிங்கில் அலட்சியம் ஆகாது. வெட்டிய தகர விளிம்பு வயரின் தோலைச் சீவினால் சுவர் முழுக்க ஷாக் அடிக்கும். எல்லா வயரும் பி.வி.சி. பைப்புக்குள், பேனலும் இரும்புச் சட்டமும் எர்த்தோடு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). ஃபேன் கொக்கி, டி.வி., சாமி அலமாரி, தூளி கட்டும் இடம் எல்லாவற்றையும் வெல்டர் வேலை தொடங்கும் முன்னே குறித்துக் கொடுங்கள். பேனல் எதையும் தாங்காது, பின்னால் இரும்பு ஓடினால்தான் தொங்கவிடலாம். செல்போன் சிக்னல் உள்ளே குறையும், அதற்கு யாரும் பணம் திருப்பித் தரமாட்டார்கள்.

பிரித்துப்போட்ட குளிர் அறையின் பழைய பேனல் மலிவாக வரும். வாங்குவதானால் ஒன்றைத் தராசில் வையுங்கள். 50 மி.மீ. பேனல் சதுர மீட்டருக்கு 10, 11 கிலோவைத் தாண்டிக் கனத்தால் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. அதன் தடுப்புத் திறன் போய்விட்டது. தட்டிப் பார்த்து 'டப்டப்' என்று வெற்றோசை வந்தால் தகரம் நுரையிலிருந்து விலகிவிட்டது. அப்படிப்பட்டதைக் கூரைக்குப் போடக் கூடாது, மாட்டுக்கொட்டகைத் தடுப்புக்குச் சரி. புதுசு வாங்கும்போது நுரையின் அடர்த்தி கன மீட்டருக்கு 38 முதல் 42 கிலோ, தகரம் அரை மி.மீ. என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பஃப் என்று சொல்லித் தெர்மாகோல் கொடுப்பதும் உண்டு. வெட்டு முகத்தைப் பாருங்கள்: மணி மணியாக உதிர்ந்தால் தெர்மாகோல்.

கடன் வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வங்கியில் கேட்டுக்கொள்வது நல்லது. திருகைக் கழற்றினால் பிரித்து எடுத்துப்போகக்கூடிய வீட்டுக்கு மதிப்பீட்டாளர் என்ன எழுதுவார் என்பது வங்கிக்கு வங்கி மாறும். அனுமதி விஷயத்தில் பேனலுக்குச் சலுகை இல்லை. 2,500 சதுர அடிக்குட்பட்ட மனைகளில் 3,500 சதுர அடிவரை கட்ட 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையிலேயே இந்த வீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். மோட்டாரைப் போட்டு ஹோஸ் பைப்பில் கூரையின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே ஒருவரை டார்ச்சோடு நிற்க வையுங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொட்டும் திருகில் ரப்பர் வாஷர் பிதுங்கி இருந்தால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். சிலிக்கான் பூசவிடாமல் கழற்றி, ஒரு அளவு பெரிய திருகு போடச் சொல்லுங்கள். ஒரு கோடை கழிந்து தகரம் நீண்டு சுருங்கியபின் எல்லாத் திருகையும் இன்னொருமுறை பார்க்க வேண்டியிருக்கும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை அதுவரை கையில் வைத்திருக்க ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.